அரையிஞ்சுக்காரரும் கதவு ரப்பரும்

அந்தத் தையற்காரருக்கு அரையிஞ்சு என்று பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும், தைத்ததை மடித்துக் கையில் கொடுக்கும்போது, "உள்ள அரை இஞ்சு விட்டிருக்கேன், பின்னாடி சதை போட்டா பிரிச்சுக்கலாம்" என்பார். ஊதினால் பறந்துவிடுகிற ஆளிடமும் அதையேதான் சொல்வார். பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்த ஒருத்தரிடம் சொல்லப்போய், அவர் கண்ணாடி முன்னால் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். இப்படியெல்லாம் பேசினால் தெரு சும்மா விடுமா?

கடை, வீட்டின் முன்னறை. இரண்டு தையல் இயந்திரம். உள்பக்கம் இருப்பது அவருடையது. ஜன்னலோரத்தில் இருப்பது மனைவியுடையது. வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜா எடுப்பதும் பொத்தான் கட்டுவதும் காலர் மடிப்பதும் அவள். அவள் கட்டிய பொத்தான் கழன்று விழுந்ததாக இதுவரை ஒருத்தர்கூட வந்து நின்றதில்லை. ஆனால் வாசலில் தொங்கும் பலகையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு கார் வண்டி. பால்நிறம், உருண்டை மூக்கு, நாற்பது வயதுக்கு மேல். அதன் பழைய சொந்தக்காரருக்கு அரையிஞ்சுதான் இருபது வருடமாக சீட் உறை தைத்துக்கொடுத்தார். அந்த மனிதர் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தபோது, "என் அளவைவிட இதோட அளவுதான் உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லி, வண்டியை இவருக்கே விற்றுவிட்டுப் போனார். அது உண்மையும்கூட. அரையிஞ்சின் அளவு நோட்டில் ஒரு வங்கி மேலாளருக்கும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கும் நடுவே அந்த வண்டிக்கு ஒரு பக்கம் உண்டு. முதுகு இவ்வளவு, அகலம் இவ்வளவு, கை என்ற இடத்தில் ஒரு கோடு.

என்ஜினைக் குறை சொல்ல முடியாது. பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது. ரப்பர்தான் வண்டியின் மானத்தை வாங்கியது. கதவைச் சுற்றி, கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங் எல்லாம் காய்ந்து, வெடித்து, விரல் பட்டால் உதிர்ந்தது. வெளியே தூறினால் உள்ளே மழை. மழை இல்லாத நாளில் காற்று. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், நாலு கதவும் சேர்ந்து ஊளையிடும் ஊளையில் பக்கத்து சீட்டில் இருப்பவரின் வாயசைவு மட்டும்தான் தெரியும். மனைவியோ வண்டியில் ஏறினால் பேசிக்கொண்டே வருவாள். அரையிஞ்சு சாலையைப் பார்த்தபடி "ம்" கொட்டுவார். நடுநடுவே தலையையும் ஆட்டுவார்.

விஷயம் முற்றியது மச்சானுக்கு மெடல் கிடைத்த அன்று. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, தீயணைப்பு நிலையத்தில் வேலை. விழாவுக்கு அக்காவும் மாமாவும் அந்த வண்டியில்தான் போனார்கள். வழியில் நல்ல மழை. விழா மண்டப வாசலில் அரையிஞ்சு பிரேக் போட்டார் பாருங்கள், எங்கே தங்கியிருந்ததோ தெரியவில்லை, முன்கண்ணாடிக்குக் கீழிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் நேராக அவள் மடியில் கொட்டியது. புதுத் துணி. அந்தக் கோலத்திலேயே குடும்பப் படத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கும் மச்சான் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் முதலில் மெடலைப் பார்ப்பதில்லை.

அடுத்த வாரமே மச்சான் வந்து நின்றார்.

"மாமா, வண்டிக்கு ஆள் பார்த்துட்டேன். ஓட்டல்காரர் ஒருத்தர். வாசல்ல அழகுக்கு நிறுத்தப்போறாராம். என்ஜினைத் தூக்கிட்டு, உள்ள மண்ணைப் போட்டுப் பூச்செடி வைப்பாராம்."

அரையிஞ்சு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மாப்ள, அது ஓடுற வண்டி! அதைப் போய்ப் பூந்தொட்டி ஆக்கறதா?"

"ஓடுது, யாரு இல்லேன்னா? ஒழுகவும் செய்யுதே!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையை நிமிர்த்தவே இல்லை. "தம்பி சொல்றதுல என்ன தப்பு? நான் இனிமே அதுல ஏறப்போறதில்ல. ஏறாத வண்டி பூந்தொட்டியா இருந்தா என்ன, குப்பைத்தொட்டியா இருந்தா என்ன?"

கடைசியில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அரையிஞ்சு எல்லா ரப்பரையும் மாற்றட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குழாயோடு வருவார். வண்டிக்குள் தரையிலும் சீட்டிலும் பேப்பர் விரித்து, பத்து நிமிஷம் தண்ணீர் அடிப்பார். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வண்டி ஓட்டல்காரருக்கு. படாவிட்டால் இந்தப் பேச்சே கிடையாது.

"அக்காவும் உள்ள உக்காரட்டும், சாட்சிக்கு" என்றார் மச்சான். "எங்கக்கா பொய் சொல்ல மாட்டா."

"என்ன வந்தாலும் சொல்ல மாட்டா" என்று அரையிஞ்சும் ஒத்துக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, இதற்கெல்லாம் ஒரு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். "போய்யா, ஓரத்துக்குப் பட்டி வெச்சுத் தைக்கிற வேலை, இதுக்கு எதுக்கு நீ?" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அரையிஞ்சு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பீடிங் சுருளை எடுத்து மேஜைமேல் போட்டார். அரையிஞ்சு அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, துணி பார்ப்பதைப் போலத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். நன்றாக இழுபட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, அதை இழுக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

"முப்பது வருஷமா எலாஸ்டிக் தைக்கிறவன்கிட்ட சொல்றீங்களா!"

நாலு கதவையும் அளந்த கணக்கைவிட ஒரு சாண் குறைத்தே வெட்டச் சொன்னார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் நமக்கென்ன என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள், பழைய ரப்பரைச் சுரண்டுவதிலேயே போயிற்று. மண்ணெண்ணெய்த் துணியால் பழைய பசையைத் துடைத்து, கதவு ஓரமெல்லாம் சாக்கட்டியால் அடையாளம் போட்டார். கொட்டகையைக் கடந்துபோன பால்காரர், வண்டிக்குச் சட்டை தைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கட்டும்.

மூன்றாம் நாள் முன்கண்ணாடி. இதற்கு ஒரு முறை உண்டு. ரப்பரைக் கண்ணாடியின் விளிம்பில் மாட்ட வேண்டும். ரப்பரின் வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றைப் பதித்து, இரண்டு முனையையும் வண்டிக்குள் விட வேண்டும். வெளியே ஒருத்தர் கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருத்தர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாவாடைக்கு நாடா கோக்கிற வேலையைத் திருப்பிப் போட்டால் இதுதான். அரையிஞ்சு கயிறே தேடவில்லை, கடையிலிருந்து நாடா உருண்டையை எடுத்து வந்தார். சோப்புத் தண்ணீரும் தயார். கண்ணாடியைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"இந்தா, ஒரு நிமிஷம் வாயேன்."

"நான் வரமாட்டேன்."

"கண்ணாடி உடைஞ்சா?"

பிறகு அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டிக்காக வரலை. உடைஞ்சா கூட்டிப் பெருக்குறது நான்தானே, அதுக்காக வந்தேன்."

அவர் இழுத்தார், அவள் அழுத்தினாள். நாடா சரசரவென்று வர, ரப்பர் ஒரு சுற்று ஏறி, கண்ணாடி பொத்தான் போட்டதைப் போல டப்பென்று உட்கார்ந்தது. அவளுக்கே ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, "சோப்பை வீணாக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கதவுகள். இங்கேதான் அரையிஞ்சின் முப்பது வருட அனுபவம் வந்து குறுக்கே படுத்தது. எலாஸ்டிக்கை எப்படித் தைப்போம்? இடுப்பளவைவிடக் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைப்போம். அப்போதுதான் கெட்டியாகக் கவ்வும். அதே நியாயம்தான் இதற்கும் என்று, பசையைத் தடவி, ரப்பரை விண்ணென்று இழுத்து இழுத்து ஒட்டினார். ஒவ்வொரு கதவிலும் மிச்சம் விழுந்தது. மிச்சத்தைப் பார்த்து அவருக்கு அவ்வளவு பெருமை. துணியில் மிச்சம் பிடிக்கிறவன்தானே தையற்காரன்!

சனிக்கிழமை காலை காபியைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவர், காபியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரப்பர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பியிருந்தது. நாலு கதவிலும் கீழே இரண்டு விரல் இடைவெளி. மூலைகளில் ஒட்டியதை உரித்துக்கொண்டு குறுக்கே கம்பிபோல் நின்றது. மழைத் தண்ணீர் என்ன, ஒரு பூனையே தலையை விடலாம்.

வெகுநேரம் ஆளைக் காணோமே என்று மனைவி வந்து பார்த்தாள். அவருக்குப் பூந்தொட்டி கண்முன்னால் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து மூலையை விரலால் அழுத்திப் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிமேல் அவளுக்கு ஒரு பாசமும் இல்லை. ஆனால் மட்டமான வேலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

"ஏங்க, சட்டைக்குக் கை வைக்கிறப்ப எப்படி வைப்பீங்க? கையை இழுத்தா வைப்பீங்க?"

"இழுத்தா தோள்ல பிடிக்குமே. அக்குள் வளைவைவிடக் கை அரை இஞ்சு கூடுதலா வெட்டி, அதைத் தள்ளித் தள்ளி உள்ள அடக்கித்தானே…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"இது இடுப்பு இல்லீங்க. இது கை. ஊருக்கெல்லாம் அரை இஞ்சு விட்டேன்னு சொல்லுவீங்க, வண்டிக்கு விட உங்களுக்கு மனசு வரலையே!"

சட்டையைக்கூட மாற்றாமல் உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வைத்தார். "அன்னிக்கே உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். நீங்க இழுத்த இழுப்பைப் பார்த்தேனே."

அன்று கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வேலை பார்த்தார்கள். அவர் ரப்பரைப் பசையில் வைக்க, அவள் பின்னாலேயே கட்டைவிரலால் அமுக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். மூலைகளில் ரப்பர் தளர்வாக வளைந்து உட்கார்ந்தது. கடைசியில் முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் தண்டு வெளியே வரும் இரண்டு துளைக்கு மட்டும் இரண்டு சின்ன ரப்பர் பாக்கி. கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அவற்றை அவள் கையில் கொடுத்தார். "பொத்தான் உன் இலாகா. நீயே போட்டுடு." அதற்குள் கடையில் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பூட்ஸோடு வந்தார். தோளில் பாம்புபோலச் சுருட்டிய குழாய். பேப்பரை விரித்து, ஓரம் ஓரமாக நீவிவிட்டார். தீயணைப்புக்காரர் வேலை, பிசகே இருக்காது. அரையிஞ்சு ஓட்டுநர் இடத்திலும் மனைவி பக்கத்து சீட்டிலும் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினால் சாத்த முடியவில்லை. காற்று போக வழியில்லாமல் கதவு திரும்ப வந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிச் சாத்தி, அப்புறம் ஏற்ற வேண்டியதாயிற்று. அரையிஞ்சின் நெஞ்சு பூரித்துப்போயிற்று.

தண்ணீர் அடித்தது. கூரையில், கண்ணாடியில், கதவில். ஆனால் உள்ளே ஏதோ பக்கத்துத் தெருவில் மழை பெய்வதைப் போலத்தான் கேட்டது. இருவரும் விட்ட மூச்சில் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் படர்ந்து, வெளியே மச்சான் ஒரு நிழலாகத் தெரிந்தார்.

"ஏங்க" என்றாள் அவள் மெல்ல. "நான் பேசறது கேக்குதா?"

"துல்லியமாக் கேக்குதே!"

"முன்னாடி?"

ரப்பர் வேலையின் சந்தோஷத்தில் அவர் யோசிக்கவில்லை. "முன்னாடி எங்க கேட்டுச்சு? அந்த ஊளையில நீ வாயசைக்கறது மட்டும்தான் தெரியும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோசனம்?

"அப்போ 'ம்' 'ம்'னீங்களே?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கடைப் பலகைல என் பேரையும் போடணும்னு கேட்டேன். எட்டு தடவை கேட்டிருக்கேன். கடையில எப்பவும் ஆளுங்க இருக்காங்க, வண்டிலதான் நீங்களும் நானும் மட்டும் இருக்கோம்னு இங்கதான் கேட்டேன். எட்டு தடவையும் 'ம்'னீங்க. தலையை வேற ஆட்டுனீங்க. சரின்னு சொல்லிட்டு மறந்துடறாரே, நமக்கு இவ்வளவுதான் மதிப்பான்னு நான் எத்தனை நாள் மனசு வெந்திருக்கேன் தெரியுமா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பக்கம் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார்.

டேஷ்போர்டுக்குக் கீழே, அவள் பக்கத்தில், ஒரு நீர்முத்து திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே மச்சான் நீவி விரித்த பேப்பர்.

அவளும் பார்த்துவிட்டாள். அவர் கைக்கு எட்டாது. முத்து பெருத்தது, நடுங்கியது, விழுந்தது. அவள் உள்ளங்கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

அரையிஞ்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அடுத்தது திரண்டுகொண்டிருந்தது.

"பலகை?" என்றாள், கையை நகர்த்தாமல்.

"நாளைக்கே!"

டப். "யார் பேரு முதல்ல?"

அவர் ஒரு கணம் தயங்கினார். உள்ளங்கை லேசாகச் சாய்ந்தது. "உன் பேரு, உன் பேரு!"

டப். "உங்க பேரு கொட்டையாவும் என் பேரு கொசுறாவும் இருக்கக்கூடாது."

"ஒரே அளவு. டேப் வெச்சு அளந்தே எழுதச் சொல்றேன்."

டப். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "இனிமே நான் பேசினா?"

"கேப்பேன். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுவேன். சத்தியமா 'ம்' கொட்ட மாட்டேன்."

வெளியே தண்ணீர் நின்றது. அவள் கை நிறைய ஈரம். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், அந்தக் கையை அப்படியே முகத்தில் வைத்து, நெற்றி, கன்னம், கழுத்து என்று பூசிக்கொண்டாள்.

மச்சான் பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். தடவினார். "ஒரு சொட்டு இல்லையே!" என்றவர் அக்காவைப் பார்த்தார். "என்னக்கா, மூஞ்செல்லாம் ஈரம்?"

"வேர்வைடா! காத்துப் போக ஒரு ஓட்டை வெச்சாரா உங்க மாமா? பத்து நிமிஷம் உள்ள போட்டு அவிச்சு எடுத்துட்டார் என்னை!"

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். தோற்றாலும் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிற மனிதர். அங்கேயே நின்று ஓட்டல்காரருக்கு போன் போட்டு, வேறு தொட்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பெயின்டர் ஏணி போட்டு ஏறினார். மனைவி வாசற்படியில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். காஜா வேலை அப்படியே கிடந்தது. அவசரமாக வேண்டும் என்று ஒருத்தர் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்ததால், ஒரு பொத்தானையாவது நாமே கட்டுவோம் என்று அரையிஞ்சு அவள் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த பொத்தான் டப்பாவைத் திறந்தார்.

வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே, கருப்பாக, வட்டமாக ஒரு சின்ன ரப்பர் படுத்திருந்தது.

அரையிஞ்சு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்படியானால் ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதை யாருக்கோ பொத்தான் எடுக்கிற அவசரத்தில் இதில் போட்டு மறந்திருக்கிறாள். சொட்டு விழுந்தது இவர் பிசகால் இல்லை, அவள் இலாகாவில்தான் ஓட்டை! அது எங்கிருந்து வருகிறது என்று முதல் சொட்டிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் டப் டப்பென்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கியிருக்கிறாள்.

அவருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. ரப்பரைக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெயின்டர் அப்போதுதான் அவள் பெயரின் முதல் எழுத்துக்குப் பென்சில் கோடு போட்டிருந்தார். அவள் இவர் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்த கண் பார்த்தபடி நின்றாள். உதடு மட்டும் அந்த எழுத்தை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தது.

அரையிஞ்சு தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்த முதல் பேரு இருக்கே, அதை இன்னும் அரை இஞ்சு பெருசா எழுதுங்க."

அவள் திரும்பினாள். "ஒரே அளவுன்னுதானே பேச்சு?"

"அரை இஞ்சு விட்டே எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் கொட்டகையைப் பார்க்க நடந்தார்.

"ஏங்க, கையில என்ன?"

அவர் நின்றார். மூடிய கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"வேர்வை" என்றார்.